வெள்ளைப் பணியாரமும் கோபுர விதியும்: தேவகோட்டைக் கோடை விருந்து பற்றிய ஓர் ஆய்வு

அக்னி நட்சத்திரத்தில், மாலை நான்கு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்பது செட்டிநாட்டுத் தேவகோட்டையில் எப்போதோ தீர்ந்துபோன கேள்வி. வெள்ளைப் பணியாரம் கொடுப்பது. தீர்ந்துபோன கேள்வியை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. விடை தப்பாது; ஆய்வாளர் வழியை மட்டும் நீட்டிக்கொண்டு போகலாம். இக்கட்டுரை அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆய்வுப் பொருளும் எல்லையும்

பச்சரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றினால், தட்டையாகவும் வட்டமாகவும், ஓரம் முறுகி நடு மெத்தென்று, நிறம் மாறாமல் மேலே வருவது வெள்ளைப் பணியாரம். குழிப் பணியாரம் இந்த ஆய்வில் சேராது. அது உருண்டை, அதற்குத் தனிச் சட்டி, தனிக் குச்சி, தனி அறிஞர்கள். பால் பணியாரமும் சேராது. அது நீந்துவது.

உலகப் பலகார வரிசையில் இதை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்கு இவ்வாய்வாளரின் விடை: தட்டை ரொட்டிக் குடும்பத்தில். எண்ணெயில் பொரிந்தது எப்படி ரொட்டியாகும் என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் ஹங்கேரிக்குப் போய் லாங்கோஷைப் பார்த்துவிட்டு வரட்டும். பிசைந்து புளித்த மாவைக் கையகலத்துக்கு விரித்து எண்ணெயில் பொரித்து, பூண்டு தடவித் தருகிறார்கள். அங்கே யாரும் அதன் குலம் கோத்திரம் கேட்பதில்லை. நம் பூரியையும் யாரும் கேட்டதில்லை. பணியாரத்தை மட்டும் கேட்பது ஏன் என்பது சமூகவியலாளர் வேலை.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் உலக அரங்கில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். லவாஷ், யுஃப்கா முதலிய தட்டை ரொட்டிகளைச் செய்து பகிரும் பண்பாடு 2016-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டே நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக்காரர்களின் கைத்திறனும் ஏறிவிட்டது. செட்டிநாட்டு ஊர்களோ 2014-ல் உலகப் பாரம்பரியத்துக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. சேர்ந்தவை வீடுகளும் தெருக்களும் ஊருணிகளும்தான். வீட்டைப் பட்டியலில் எழுதிவிட்டு அந்த வீட்டின் அடுப்படியில் என்ன வெந்தது என்பதை விட்டுவிட்டார்கள். பட்டியல் தயாரித்தவர்கள் மாலை நான்கு மணிக்கு முன்பே ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை.

முன்னோர் சான்று

ஆய்வுக் கட்டுரை என்றால் சங்க இலக்கியத்தைத் தொடாமல் விட முடியாது. மதுரைக்காஞ்சியில், இரவுக் கடைத்தெருவில், தேன்கூடு போன்ற மெல்லிய அடையும் மோதகமும் விற்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்ற அப்ப வணிகர்கள் கரிய சட்டியோடு வருகிறார்கள். இவற்றில் எதுவும் வெள்ளைப் பணியாரம் இல்லை. ஆனால் கரிய சட்டி, வட்டமான பலகாரம், காத்திருக்கும் வாய் ஆகிய மூன்றும் அப்போதே தயாராக இருந்தன என்பது உறுதி. இதற்கு மேல் இந்தச் சான்றை இழுத்தால் அறுந்துவிடும்.

கோபுர விதி

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். வெள்ளைப் பணியாரத்தின் வெற்றி தோல்வி முழுவதும் அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. உளுந்து கூடினால் பணியாரம் உப்பி, எண்ணெயைக் குடித்து, பிழிந்தால் சொட்டும். குறைந்தால் விறைத்துக்கொண்டு அப்பளத்துக்கும் தட்டைக்கும் நடுவே ஏதோ ஒன்றாகிவிடும். இவ்வளவு நுட்பமான விகிதத்தைத் தேவகோட்டை, காரைக்குடி வட்டாரத்தில் எண்ணால் யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரிலிருந்து பேத்தி தொலைபேசியில் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உரையாடல் இப்படித்தான் போகும்.

“ஆயா, ஒரு டம்ளர் அரிசிக்கு உளுந்து எத்தனை கிராம்?”

“கிராமெல்லாம் எனக்குத் தெரியாது ஆத்தா. அரிசியைத் தலைதட்டிக்க. அது மேலேயே உளுந்தைக் கொட்டு. நிக்கிற வரைக்கும் வை.”

“எவ்வளவு நிக்கும்?”

“அதை உளுந்துதானே சொல்லணும்?”

இதைக் கிழவியின் மழுப்பல் என்று பேத்தி நினைப்பாள். மழுப்பலே இல்லை, சுத்தமான பௌதிகம். தானியத்தை ஓரிடத்தில் கொட்டிக்கொண்டே போனால் அது கூம்பாகக் குவியும். ஒரு சரிவுக்கு மேல் மணிகள் நிற்காமல் வழியத் தொடங்கும். அந்தச் சரிவுக் கோணம் ஒவ்வொரு தானியத்துக்கும் அதன் வழவழப்பையும் வடிவத்தையும் பொறுத்தது. மணற்குன்றின் சரிவையும் களத்து நெல் அம்பாரத்தின் சரிவையும் தீர்மானிப்பது இதே கோணம்தான். டம்ளர் வாயில் நிற்கும் உளுந்தையும் அதுவே தீர்மானிக்கிறது.

உளுந்தின் சரிவுக் கோணத்தைச் சுமார் 30 பாகை என்று கொள்வோம். டம்ளரின் வாய் 6 செ.மீ., உயரமும் 6 செ.மீ. என்றால், தலைதட்டிய அரிசி கிட்டத்தட்ட 170 மி.லி. அதன் மேல் எழும் உளுந்துக் கோபுரத்தின் உயரம் 1.7 செ.மீ. கூம்பின் கொள்ளளவு அதே அடியும் உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்கு. இதை முதலில் நிறுவியவர் கிரேக்கக் கணித அறிஞர் யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடிஸ் சொல்கிறார். பணியாரத்துக்கு அவர்கள் செய்த தொண்டு இதுவரை பதிவாகவில்லை. கணக்குப் போட்டால் கோபுரத்தில் நிற்பது 16 மி.லி. உளுந்து. அதாவது அரிசியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

அச்சில் வரும் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு கப் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுந்து என்கின்றன. இது எட்டில் ஒரு பங்கு. கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையே வரும் இந்த வேறுபாட்டை என்ன செய்வது? இரவு முழுக்க யோசித்தும் பிடிபடாத இந்த முடிச்சு, உளுந்து அளக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவிழ்கிறது. வலக்கை உளுந்தைக் கொட்டும்போது இடக்கை சும்மா இருப்பதில்லை. விரல்களைச் சேர்த்து டம்ளர் விளிம்பை அணைத்தாற்போல் வளைத்துக்கொள்கிறது. வழிய வேண்டிய மணிகள் விரலில் முட்டி நிற்கின்றன, கோபுரம் செங்குத்தாகிறது. எட்டில் ஒரு பங்கு வர வேண்டுமானால் சரிவு சுமார் 37 பாகை இருக்க வேண்டும். ஆக, ஆச்சியின் இடக்கை விரல்களின் மதிப்பு 7 பாகை. எந்தச் சமையல் நூலிலும் இந்த 7 பாகையைக் காணோம்.

இந்த விதியில் ஓர் அழகு உண்டு. பாத்திரத்தின் அளவு எதுவாக இருந்தாலும், வடிவம் ஒன்றாக இருந்தால் விகிதம் மாறாது. ஆழாக்கில் அளந்தாலும் படியில் அளந்தாலும் அரிசி பெருகும் அதே மடங்கில் கோபுரமும் பெருகும். நாலு பேருக்குப் போட்டாலும் கல்யாண வீட்டில் நானூறு பேருக்குப் போட்டாலும் பெருக்கல் வாய்பாடு வேண்டாம். கண்ணாடியும் பேனாவும் தேடாமல் பெருங்கணக்கு முடிந்துவிடுகிறது. கொண்டுவிற்றுக் கணக்கெழுதியே கடல் கடந்த ஒரு சமூகத்தின் பெண்கள், கணக்கே எழுத வேண்டாத ஓர் அளவையை அடுப்படியில் வைத்திருந்தார்கள். இதில் யார் கெட்டிக்காரர் என்ற விவாதத்தை இவ்வாய்வாளர் கல்யாண வீட்டில் எழுப்ப விரும்பவில்லை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வடிவம் மாறினால் எல்லாம் மாறும். வாய் 8 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்று அகலக் கிண்ணம் ஒன்றை எடுத்தால், 200 மி.லி. அரிசிக்கு 39 மி.லி. உளுந்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அன்றைய பணியாரம் எண்ணெய்க் கிணறு. வாய் 6, உயரம் 9 என்று ஒல்லி டம்ளர் எடுத்தால், அரிசி கூடியும் கோபுரம் அதே 16 மி.லி.யில் நிற்கும், பதினாறில் ஒரு பங்கு. அன்று பல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். “ஆயா சொன்னபடிதான் செஞ்சேன், வரலையே” என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் புலம்பல்களில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. செய்முறை போய்ச் சேர்ந்தது. டம்ளர் ஊரிலேயே தங்கிவிட்டது. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது வெள்ளியும் வெண்கலமும் எவர்சில்வரும் அடுக்கடுக்காய்ப் பரப்புகிறவர்கள், பணியாரம் அளக்கும் அந்த நசுங்கிய பழைய டம்ளரைக் கொடுத்தனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

உளுந்தின் தன்மையும் கணக்கில் வரும். முழு உளுந்து வழவழவென்று உருண்டு ஓடும். உடைத்த உளுந்துக்கு முனையும் பட்டையும் இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உயரமாக நிற்கும். முழு உளுந்தில் பழகிய வீட்டில் கடைக்காரர் உடைத்த உளுந்தைக் கொடுத்துவிட்டால், அளந்தவர் அறியாமலே விகிதம் கூடும். அடுத்த நாள் கடைக்கு ஆள் அனுப்பி “எண்ணெய் சரியில்லை” என்று சண்டை போடுவார்கள். குற்றம் உளுந்துடையது, திட்டு எண்ணெய்க்கு.

சட்டமும் கோபுரமும்

குவித்து அளப்பது தேவகோட்டையின் தனிச்சொத்து இல்லை. இங்கிலாந்திலும் சந்தையில் சரக்கைக் குவித்து அளக்கும் வழக்கம் இருந்தது. வாய் அகன்ற மரக்கால் வைத்திருந்த வியாபாரியிடம் வாங்கியவர்கள் வாழ்ந்தார்கள். குறுகிய மரக்கால்காரன் வாழ்ந்தான். கோபுரத்தில் எவ்வளவு நிற்கும் என்ற சண்டை ஓயாமல் போகவே, 1835-ல் பார்லிமென்ட் குவியல் அளவைச் சட்டப்படி ஒழித்துவிட்டது. இந்தியாவில் 1956-ன் எடை அளவுச் சட்டம் படியையும் ஆழாக்கையும் கடைத்தெருவிலிருந்து வெளியேற்றி லிட்டரையும் கிராமையும் கொண்டுவந்தது. இரண்டு சட்டங்களும் வாசலோடு நின்றுவிட்டன. தேவகோட்டை வீடுகளின் அடுப்படி தெருவாசலிலிருந்து வெகு தூரம். இந்தத் தூரம் பின்னால் மீண்டும் வரும்.

ஏன் கோடைக்கு ஏற்றது

மே மாதத்தில் இட்லி மாவை வெளியே வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும். விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாத வீட்டில், புளிக்க வேண்டிய மாவை நம்பி உட்கார முடியாது. வெள்ளைப் பணியாரத்துக்குப் புளிப்பே ஆகாது. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும்; அரைத்த கையோடு ஊற்றிவிடலாம், ஊற்றியே ஆக வேண்டும். வெயிலில் புளித்த மாவு எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும், வெள்ளையும் போகும். மற்ற மாவுக்கெல்லாம் எதிரியான கோடை வெயில், சோம்பேறித்தனம் செய்யாதே என்று இந்த மாவை மட்டும் சரியான நேரத்தில் அடுப்புக்கு விரட்டுகிறது.

சேர்மானம் மிகக் குறைவு. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, மாவைத் தளர்த்தக் கொஞ்சம் பால். பால் சேர்ப்பதா தண்ணீர் சேர்ப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டு கட்சியும் சம்பந்தி வீடுகளாக அமைவதே வழக்கம். சர்க்கரையில் மட்டும் கட்சி இல்லை. சிட்டிகையைத் தாண்டினால் எண்ணெயில் சிவந்துவிடும். சிவந்த வெள்ளைப் பணியாரத்தை விருந்தாளி முன் வைப்பதைவிட, வீட்டில் யாருமில்லை என்று சொல்லிவிடலாம்.

எண்ணெய்க்குள் நடப்பது

குழிந்த இருப்புச் சட்டியில் கடலை எண்ணெய். ஒரு சொட்டு மாவு விட்டால், நிறம் மாறாமல் சட்டென்று மேலே வர வேண்டும்; அதுதான் பதம். மாவு தோசை மாவைவிடச் சற்று நெகிழ்ச்சியாக இருக்கலாம். ஒரு கரண்டி மாவைச் சட்டியின் நடுவில், தாழ்வாகப் பிடித்து, தயங்காமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். தயங்கினால் இரண்டு பணியாரம் பாதி ஒட்டிப் பிறக்கும்.

ஊற்றிய மாவு முதலில் காணாமல் போகும். முதன்முறை செய்கிறவர்கள் இந்த ஒரு நொடியில் பதறிப்போய்க் கரண்டியை விட்டுத் துழாவுவார்கள். துழாவக் கூடாது. சட்டியின் குழிவில் அது வட்டமாகப் படிந்து, அடியில் வெந்து, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, உளுந்தின் வழவழப்பில் அந்த ஆவி சிக்கிக்கொண்டு, தானாகவே மேலே மிதந்து வரும். ஓரத்தில் மாவு மெல்லியதாகப் பரவியதால் சரசரவென்று பூவேலை போட்டாற்போல் முறுகும். நடுவில் தடிப்பாக நின்றதால் மெத்தென்று இருக்கும். மேலே எண்ணெயை இரண்டு தரம் வாரி விட்டு, ஒரே ஒரு முறை திருப்பி, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். இரண்டு ஊற்றினால் ஒன்றையொன்று இடித்து வட்டம் கெடும்.

தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு வைத்து அரைத்த காரச் சட்னி. பணியாரத்தின் வெள்ளையை எடுத்துக்காட்டவே அது அத்தனை சிவப்பாக இருக்கிறது போலும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் கடல் வழியாக வந்த பிறகே நம் அடுப்படி ஏறியது. அதற்கு முன் பணியாரம் இருந்ததா, இருந்தால் மிளகைத் தொட்டுக்கொண்டார்களா என்பது தனி ஆய்வேடு ஒன்றுக்கான தலைப்பு. நிதி உதவி கிடைத்தால் எழுதலாம்.

வீட்டின் நீளமும் முறுகலின் ஆயுளும்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னே முகப்பு, அதைத் தாண்டி வளவு, பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அதற்கும் பின்னே அடுப்படி. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வாங்கிப் போட்டவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. விருந்தாளி முகப்பில் விசிறிக்கொண்டிருக்கிறார். பணியாரம் கடைசிக் கட்டில் பிறக்கிறது. நடுவே தாழ்வாரம், நிலைப்படி, மறுபடி தாழ்வாரம், மறுபடி நிலைப்படி. இதற்குள் வழியில் எதிர்ப்படும் பேரப்பிள்ளைகள் தட்டிலிருந்து வரி வசூலிக்கிறார்கள்.

ஓரத்தின் முறுகல் சட்டியை விட்டு வந்த சில நிமிடங்களே நிற்கும். உள்ளே உள்ள ஆவி மெல்ல ஓரத்துக்கு வந்து அதையும் மெத்தென்று ஆக்கிவிடும். எனவே முகப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர், செட்டிநாட்டு வீட்டின் பெருமையை அறிந்தவர். பணியாரத்தின் பெருமையை அறியாதவர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மூடி, பனையோலைக் கொட்டானில் வைத்து எடுத்து வந்தால் நிலைமை இன்னும் மோசம். கீழே உள்ளது வேர்த்து மேலே உள்ளதையும் கெடுக்கும்.

தீர்வு பல வீடுகளில் தானாகவே நடக்கிறது. “உள்ள வாங்கண்ணே, அங்க என்ன உக்காந்துக்கிட்டு” என்று விருந்தாளியை இரண்டாம் கட்டுக்கு அழைத்துவிடுகிறார்கள். இதை அன்பு என்றும் நெருக்கம் என்றும் மானிடவியலாளர்கள் எழுதக்கூடும். இவ்வாய்வின்படி இது முறுகலைக் காப்பாற்றும் ஏற்பாடு. இன்னும் விவரம் தெரிந்த விருந்தாளி அழைக்காமலே அடுப்படி வாசலில் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொள்வார். சட்டியிலிருந்து தட்டுக்கு நேராக வருவது அவருக்கு மட்டும்தான்.

மறுப்புரைகளுக்கு மறுப்பு

“இந்த வெயிலில் எண்ணெய்ப் பலகாரமா?” என்ற மறுப்பு மே மாதத்தில் தவறாமல் எழும். எழுப்புகிறவர் தட்டில் அப்போது எத்தனையாவது பணியாரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் ஒரு செம்பு நீர்மோர் வைத்தால் இந்த மறுப்பு தணிந்துவிடும்.

“சட்டியருகே நிற்பவருக்குத்தானே வெயில்?” என்ற மறுப்பு வலுவானது. ஒன்றொன்றாக ஊற்றி எடுக்க வேண்டிய பலகாரம் இது. பத்துப் பேர் சாப்பிடும் நேரமெல்லாம் ஒருவர் அடுப்போடு நின்றாக வேண்டும். எளிய பலகாரம் என்று நாம் சொல்வது சேர்மானத்தை வைத்துத்தான், நிற்கிற காலை வைத்து இல்லை. இந்த மறுப்புக்கு இவ்வாய்வாளரிடம் விடை கிடையாது. அடுத்த சட்டிக்கு ஆண்பிள்ளை ஒருவரை நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்படும்போது வளவில் திடீரென்று எல்லாருக்கும் வெளிவேலை வந்துவிடுகிறது.

மேலாய்வுக்குரியன

கோபுர விதி வெள்ளைப் பணியாரத்தோடு முடிவதில்லை. அரிசி, பருப்பு, உளுந்து, வெல்லம் என்று நாலைந்து சரக்கு சேரும் கந்தரப்பத்தில் ஒரு டம்ளருக்கு எத்தனை கோபுரம் கட்டுவது, எந்த வரிசையில் கட்டுவது என்பது இதைவிடக் கடினமான கணக்கு. மசாலா சீயத்தின் மாவளவு வீட்டுக்கு வீடு மாறுகிறது. இவற்றை எடுத்துச் செய்ய இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். பதிவுக் கட்டணம் இல்லை; நுழைவுத் தேர்வு இல்லை. வருகிறவர் தம் வீட்டு டம்ளரைக் கையோடு கொண்டுவர வேண்டும். களப்பணி மே மாதம், பிற்பகல் மூன்றரை முதல் ஐந்து வரை, சட்டிக்கு அருகில், நின்றபடி.